முதலில் குடியை விட்டுவிட்டு வா



என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மாலை, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் போதகர் இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். இராணுவக் கேன்டீன் ரம்மின் வாடை அவருக்கு முன்னே வந்து சேர்ந்தது. "ஐயா, கொஞ்சம் பேசணும்" என்றார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்றேன். "சரிங்க ஐயா" என்று நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் வரவேயில்லை. சில ஆண்டுகள் கழித்து அவருடைய அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் அவருடைய மனைவி, "இருபது வருஷமா ராத்திரியில விளக்கை அணைக்க விடமாட்டாருங்க ஐயா" என்றார். அவர் எந்த எல்லையில் பணிசெய்தார், அங்கே எதைக் கண்டார் என்று நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

அன்று நான் சொன்ன வாக்கியம் எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னாட்களில் வாசித்து அறிந்தேன். போரிலிருந்து மனக்காயத்தோடும் போதைப்பழக்கத்தோடும் திரும்பிய மனிதர்களிடம் அரசுகளும் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இதே வாக்கியத்தைச் சொல்லிவந்திருக்கின்றன. அது எப்படித் தவறென்று அறியப்பட்டது என்பதே இந்த வாரச் சிந்தனை. இந்த வரலாறு அதிகமாகப் பதிவாகியிருப்பது அமெரிக்காவில். ஆகவே பெரும்பாலும் அங்கேயே நிற்போம்.

ஊற்றிக் கொடுத்த கை

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் அபின் மாத்திரையும் மார்ஃபினுமே இராணுவ மருத்துவர்களின் கைமருந்து. வீடு திரும்பியவர்களில் பலர் அந்த மருந்தை விட முடியாதவர்களாகத் திரும்பினார்கள். அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஜேக்கப் டா கோஸ்டா என்னும் மருத்துவர், உடலில் காயமேதும் இல்லாத வீரர்கள் நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, உறக்கம் இழந்து தவிப்பதைக் கவனித்தார். 1871-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் அதை இருதயத்தின் கோளாறாகவே விவரித்தார். நோவது மனம் என்று சொல்ல அந்நாளில் சொல் இல்லை.

அபினுக்கு அடிமையானவருக்கோ சொல் இருந்தது. 1890-இல் இயற்றப்பட்ட ஓய்வூதியச் சட்டம், உழைக்க இயலாத முன்னாள் வீரர்களுக்கு உதவித்தொகை வழங்கியது. ஆனால் அவர்களுடைய இயலாமை சொந்தத் தீயபழக்கத்தால் வந்ததாக இருக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. அபினை முதலில் கையில் கொடுத்தது எந்தக் கை என்று சட்டம் கேட்கவில்லை.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பதுங்குகுழிகளுக்கு ரம் ஜாடிகள் தவறாமல் வந்து சேர்ந்தன. தாக்குதலுக்கு முன் ஒரு மிடறு, திரும்பி வந்தால் ஒரு மிடறு. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையால் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ ஏட்டில் ஏறியது. போர் முடிந்தபின் அந்த நோயை ஆராயப் பிரிட்டன் ஒரு குழுவை அமைத்தது. 1922-இல் அறிக்கை வெளியிட்ட அந்தக் குழுவின்முன் சாட்சி சொன்ன இராணுவ மருத்துவர் ஒருவர், ரம் மட்டும் இல்லாதிருந்தால் போரை வென்றிருக்கவே மாட்டோம் என்றார். அச்சத்தை அடக்கும் மருந்து மதுவே என்று வீரனுக்குக் கற்பித்தவர்கள் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. போர் முடிந்தவுடன் அந்தப் பாடத்தை மறந்துவிடும்படி அவனிடம் எதிர்பார்த்தார்கள்.

நீலகிரியை அறிந்த மருத்துவர்

அந்த நாட்களில் மாறுபட்டுச் சிந்தித்த ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நம் நீலகிரி மலைக்கு வந்து தோடர்களிடையே தங்கி, 1906-இல் அவர்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டவர் அவரே. பத்தாண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரருகே இருந்த கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். கவிஞர் சீக்ஃபிரிட் சசூன் 1917-இல் அவரிடம் வந்தவர்களில் ஒருவர்.

"கண்டதை மறந்துவிடு, நல்லதை நினை" என்பதே அந்நாளில் மருத்துவர்கள் பலரும் உறவினர்களும் கூறிய ஆலோசனை. 1918-இல் 'லான்செட்' இதழில் வெளியான தம் கட்டுரையில் ரிவர்ஸ் அதை மறுத்தார். பகலில் வலிந்து அழுத்தப்படும் நினைவு இரவில் கொடுங்கனவாக எழுகிறது. அதை நம்பிக்கைக்குரிய ஒருவரின் முன்னிலையில் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து நோக்கும்போதே அதன் பிடி தளர்கிறது என்பது அவர் தம் நோயாளிகளிடம் கண்டது. ரிவர்ஸ் 1922-இல் காலமானார். அவர் கண்டது பரவலான மருத்துவமுறையாக மாறவில்லை.

மதுவின் பக்கத்திலோ வேறொரு கதவு திறந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் இளம் இராணுவ அதிகாரியாக இருந்தபோது முதன்முதலாகக் குடிக்கத் தொடங்கிய பில் வில்சன், 1935-இல் டாக்டர் பாப் ஸ்மித்தோடு சேர்ந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்துக்கு வித்திட்டார். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து கற்ற பாவ அறிக்கையும் ஈடுசெய்தலும் அதன் அடித்தளமாயின. குடிநோயாளிகளை மனிதராக மதித்து ஏற்ற அந்த இயக்கத்தால் இலட்சக்கணக்கானோர் வாழ்வு பெற்றனர். உலகெங்கும் திருச்சபைக் கட்டடங்கள் அதன் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தன. ஆயினும் மதுவுக்கு ஒரு வீடும், போர்நினைவுக்கு வேறொரு வீடுமாகவே சிகிச்சை வளர்ந்தது. இரண்டையும் ஒரே உடலில் சுமந்தவன் அந்த இரண்டுக்கும் நடுவே தெருவில் நின்றான்.

வியட்நாம்: சிறுநீரைச் சோதித்தார்கள், நினைவைக் கேட்கவில்லை

1971 மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர், வியட்நாமில் இருக்கும் வீரர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் ஹெராயினுக்கு அடிமைகள் என்று அறிக்கை தந்தபோது நாடே அதிர்ந்தது. ஜூன் 17 அன்று அதிபர் நிக்சன் போதைத் தடுப்புக்கென்று தனி அலுவலகம் அமைத்து, ஜெரோம் ஜாஃபி என்னும் மனநல மருத்துவரை அதற்குத் தலைவராக்கினார். தாயகம் திரும்பும் ஒவ்வொரு வீரனும் சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் விமானம் ஏறலாம் என்ற விதி வந்தது.

1971 செப்டம்பரில் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே ஐவரில் ஒருவர் அடிமையாகியிருந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டனர். ஆனால் அவர்களில் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேரே. மூன்றாண்டுகளுக்குள் 12 பேரே. ஹெராயின் ஒருமுறை பிடித்தால் விடாது என்று நம்பியிருந்த உலகுக்கு இது வியப்பு. போதையின் வேர் மருந்தில் மட்டுமன்று, மனிதன் நின்ற இடத்திலும் இருக்கிறது என்பதை அது காட்டியது. அப்படியானால் அந்த இடத்தைத் தன் உள்ளத்திலேயே சுமந்து திரும்பியவனுடைய நிலை என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அரசின் அலுவலகத்தில் இல்லை. 1970-இன் இறுதியில் நியூயார்க்கில் முன்னாள் வீரர்களே ஒன்றுகூடி மனம்விட்டுப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ராபர்ட் லிஃப்டன், சைம் ஷட்டன் என்னும் மனநல மருத்துவர் இருவர் அவர்களோடு அமர்ந்து செவிகொடுத்தார்கள். பாஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த சமூகப்பணியாளர் சாரா ஹேலியிடம், தன் படைப்பிரிவு கிராம மக்களைக் கொன்றதை ஒரு வீரர் நடுக்கத்தோடு சொன்னார். மூத்த மருத்துவர்கள் அதை மனப்பிறழ்வின் கற்பனை என்று எழுதிவைத்திருந்தார்கள். ஹேலி அவரை நம்பினார். நோயாளி தான் செய்த கொடுமையைச் சொல்லும்போது கேட்பவர் முகம் திருப்பாமல் இருப்பதே சிகிச்சையின் தொடக்கம் என்று 1974-இல் அவர் எழுதினார்.

இவர்களுடைய விடாமுயற்சியும் சேர்ந்து, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்' இடம்பெற்றது; பி.டி.எஸ்.டி. என்று இன்று சுருக்கமாகச் சொல்கிறோம். அதற்கு முந்திய ஆண்டே, மருத்துவமனைகளுக்கு வெளியே கடைத்தெருக்களில் 'வெட் சென்டர்' என்னும் ஆலோசனை நிலையங்களைத் திறக்கக் காங்கிரஸ் வழிசெய்திருந்தது. மருத்துவமனை வாசலை மிதிக்க மறுத்தவனும் அங்கே ஒரு குவளை காப்பி குடிக்க வரலாம் அல்லவா?

நீதிமன்றத்தில் ஒரு குடிநோயாளி

காங்கிரசின் ஆணைப்படி நடந்து 1990-இல் நூலாக வெளிவந்த தேசிய ஆய்வு, வியட்நாமில் பணிபுரிந்த ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் அப்போதும் பி.டி.எஸ்.டி. நோயோடு இருந்தார்கள் என்று மதிப்பிட்டது. 2006-இல் அதே தரவுகளை இன்னும் கண்டிப்பான அளவுகோலால் மறுஆய்வு செய்தபோது அந்த எண் 9 அளவுக்குக் குறைந்தது. எப்படியாயினும் நமக்கு முக்கியமான செய்தி வேறு. அந்த நோயுடைய ஆண்களில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கினர் வாழ்வின் ஏதோ ஒரு காலத்தில் குடிநோய்க்கும் ஆளானவர்கள். இரண்டு நோய்களும் தனித்தனியே வருவது விதியன்று, விலக்கு.

ஆனால் சட்டம் இரண்டையும் பிரித்தே பார்த்தது. குடிநோயால் உரிய காலத்துக்குள் கல்வி உதவியைப் பயன்படுத்த முடியாமற்போன முன்னாள் வீரர் இருவரின் வழக்கு 1988-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. மனநோயின் விளைவாக வராத குடி, ஒருவன் தானே விரும்பிச் செய்யும் தவறு என்பது படைவீரர் நல நிர்வாகத்தின் விதி. நான்குக்கு மூன்று என்ற வாக்குக்கணக்கில் நீதிமன்றம் அந்த விதியை நிலைநிறுத்தியது. அதே ஆண்டில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திக் கல்வி உதவியில் அந்தத் தடையை நீக்கியது. சேவையால் வந்த பி.டி.எஸ்.டி. காரணமாக எழும் குடிநோய்க்கும் இழப்பீடு உண்டு என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2001-இல்தான். 1890-இன் சட்டத்திலிருந்து நூற்றுப் பதினோரு ஆண்டுகள்!

ஏன் அந்த வாக்கியம் தோற்றது?

மருத்துவமனைகளிலும் இதே பிரிவினைதான். பி.டி.எஸ்.டி. பிரிவுக்குச் சென்றால், "சில மாதம் குடிக்காமல் இருந்து காட்டு, நினைவுகளைத் தொட்டால் நீ மறுபடியும் குடிப்பாய்" என்றார்கள். போதைமீட்புப் பிரிவுக்குச் சென்றால், "போரைப் பற்றி இங்கே பேசாதே, முதலில் குடியை நிறுத்து" என்றார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். காயத்தைக் கிளறினால் நோயாளி இறந்துபோவான் என்று மெய்யாகவே அஞ்சினார்கள்.

அந்த மனிதனின் ஓர் இரவை எண்ணிப்பாருங்கள். கண் மூடினால் கனவு. மது கனவுறக்கத்தை முன்னிரவில் அடக்குகிறது, எனவே குடிக்கிறான். மதுவின் வேகம் தணியும் பின்னிரவில் கனவு இரட்டிப்பாகத் திரும்புகிறது. குடியை நிறுத்தினாலோ நடுக்கம், வியர்வை, படபடப்பு, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவை வரும். இவை போரின் அச்சத்தைப் போலவே உடலை ஆட்டும். இவனிடம் "முதலில் குடியை விட்டு வா" என்பது, எலும்பு முறிந்தவனிடம் "முதலில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்து வா, பிறகு கட்டுப்போடலாம்" என்பதற்கு ஒப்பாகும்.

மாற்றம் மெல்ல வந்தது. லிசா நஜாவிட்ஸ் என்னும் உளவியலாளர் 1990-களில் உருவாக்கி 2002-இல் நூலாக வெளியிட்ட முறை, இரு நோய்களையும் ஒரே அறையில் ஒரே ஆலோசகரிடம் பேசவைத்தது. பழைய நிகழ்வுகளைத் தோண்டாமல் இன்றைய பாதுகாப்பைக் கற்பிப்பது அது; உதவி கேட்பது எப்படி, உண்மை பேசுவது எப்படி என்பன போன்ற 25 தலைப்புகள் அதில் உண்டு. அடுத்த கேள்வி கடினமானது: குடிக்கும் ஒருவனிடம் போர்நினைவையே எடுத்து நோக்கச் சொல்லலாமா? எட்னா ஃபோவா வகுத்த, நினைவை நேரே எதிர்கொள்ளும் சிகிச்சையைப் போதைச் சிகிச்சையோடு இணைத்துச் சோதித்தார்கள். 2012-இல் ஆஸ்திரேலியாவிலும் 2013-இல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகளில், அஞ்சியபடி போதை பெருகவில்லை. 2019-இல் 119 முன்னாள் படைவீரர்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. நினைவை எதிர்கொண்டவர்களிடம் பி.டி.எஸ்.டி. அதிகமாகத் தணிந்தது, குடியோ இரு குழுவிலும் குறைந்தது. நூறாண்டுக்கு முன் ரிவர்ஸ் கண்டது ஏறக்குறைய இதுவே.

இதை அற்புத மருந்தென்று எண்ணிவிடலாகாது. சிகிச்சையை நடுவில் விட்டுவிடுவோர் எந்த முறையிலும் பலர். மீண்டும் விழுவோரும் உண்டு. பழைய தவறும் புதிய உருவில் வந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து உடல்வலியோடு திரும்பியவர்களில், மனநோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 6.5 பேருக்கு அபின்வகை வலிமருந்து எழுதப்பட்டபோது, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் 17.8 பேருக்கு அது எழுதப்பட்டதாக 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே அதிகமாகக் கொடுத்தார்கள். ஆயினும் 2017-இல் அமெரிக்க அரசின் மருத்துவ வழிகாட்டி, போதைநோய் உடனிருப்பதைக் காரணமாகக் காட்டிப் பி.டி.எஸ்.டி. சிகிச்சையை மறுக்கலாகாது என்ற நிலையை எடுத்தது. அந்தப் பழைய வாக்கியம் ஏட்டளவிலேனும் அடிக்கப்பட்டது. 2008-இல் பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரசல் தொடங்கிய முன்னாள் படைவீரர் நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில் இன்னொரு முன்னாள் வீரர் துணையாக நிற்கிறார். சிறைக்கு மாற்றாகச் சிகிச்சை அங்கே வழங்கப்படுகிறது.

சபையின் வாசலில்

நம் சபைகளிலும் முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். விபத்தையோ கலவரத்தையோ சுனாமியையோ கண்டு உறக்கம் இழந்தவர்களும் இருக்கிறார்கள். நாம் மருத்துவர்கள் அல்லோம். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே "இன்றே பொருத்தனை செய்து நிறுத்து" என்று வற்புறுத்தாமல் மருத்துவமனைக்கு உடன்செல்லுங்கள். அங்கே மருத்துவரிடம் குடியை மட்டும் சொல்லாமல், விளக்கை அணைக்க விடாத இரவுகளையும் சொல்லச் செய்யுங்கள். வீட்டாரும் சொல்லலாம், பெரும்பாலும் அவர்களுக்கே அது தெரியும்.

ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். தன் தலைமுறை முழுவதும் தண்ணீரில் அழிவதைக் கண்டு உயிரோடு மிஞ்சிய நோவா, கரையேறியபின் திராட்சத்தோட்டம் நட்டு, குடித்து, கூடாரத்துக்குள் வஸ்திரமின்றிக் கிடந்தார். ஏன் குடித்தார் என்று வேதம் சொல்லவில்லை. நாமும் துணிந்து சொல்லவேண்டாம். ஆனால் பிள்ளைகள் செய்ததைச் சொல்கிறது. ஒருவன் கண்டு, வெளியே போய் மற்றவர்களிடம் சொன்னான். இருவர் வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்துவந்து, தகப்பனை மூடினார்கள். காயத்தை மறைத்துவைப்பது வேறு. காயப்பட்டவனின் மானத்தைக் காப்பது வேறு. மானம் காக்கப்பட்டவனே ஒருநாள் தன் காயத்தைத் திறந்து காட்டுவான்.

அந்த ஹவில்தாரிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது மிகச் சிறியது. "உள்ளே வாருங்கள், உட்காருங்கள், எங்கே பணிசெய்தீர்கள்?" அதைச் சொல்ல எனக்கு இனி வாய்ப்பில்லை. உங்களுக்கு இருக்கிறது.

*ஜெபம்:* ஆண்டவரே, வாசலில் நிற்பவரின் வாடையைக் கண்டு முகம் திருப்பாமல், அவர் உறங்காத இரவுகளைக் கேட்டறியும் செவியை எங்களுக்குத் தாரும். ஆமென்.